உலகை எண்களில் எழுதி வைத்தவர்

சங்க காலக் கடல் வாணிகத்துக்கு அயல்நாட்டார் தரும் சான்றுகள் யாவை என்று தேர்வில் கேட்டால், வரலாற்றுத் துறையைச் சேர்ந்த நாங்கள் தயங்காமல் எழுதும் பெயர்கள் மூன்று: பெரிப்ளூஸ், பிளினி, தாலமி. பெரிப்ளூஸ் என்பது ஆளின் பெயரன்று, நூலின் பெயர். பிளினி கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது உயிர் துறந்தவர் என்பதாவது பலருக்குத் தெரியும். தாலமியோ வெறும் பெயராகவே நின்றுவிட்டார். முசிறியைக் குறிப்பிட்டார், கொற்கையைக் குறிப்பிட்டார் என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோம்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் நின்ற மனிதர் யார்? நம் நாட்டுப் பக்கமே வந்தறியாத அவர் சொன்னதை எவ்வளவு தூரம் நம்பலாம்? இக்கேள்விகள் என்னை நெடுநாளாகத் துளைத்து வந்தன. விடை தேடப் போன இடத்தில் கணினி வரைபடம் என்னும் புதுக் கருவி எதிர்ப்பட்டது. அக்கருவிக்கு மிகவும் ஏற்ற பழைய நூல் ஒன்று உண்டென்றால் அது தாலமியின் நூலே என்பதையும் அப்போதுதான் உணர்ந்தேன்.

கிளாடியஸ் தாலமி கி.பி. 100-ஐ ஒட்டிப் பிறந்து 170-ஐ ஒட்டி மறைந்தவர். வாழ்ந்த ஊர் எகிப்தின் அலெக்சாந்திரியா. அவர் பெயரிலேயே அவருடைய காலம் அடங்கியிருக்கிறது. கிளாடியஸ் என்பது ரோமானியக் குடியுரிமையைக் காட்டும் பெயர். தாலமி என்பது எகிப்தில் வாழ்ந்த கிரேக்க மரபினர் வழக்கமாக வைத்துக்கொண்ட பெயர். அலெக்சாந்தருக்குப் பின் எகிப்தை ஆண்ட அரசர்கள் எல்லோருக்கும் அதே பெயர் இருந்ததால் பிற்காலத்தார் குழம்பிப் போனார்கள். ஐரோப்பாவின் பழைய ஓவியங்கள் சிலவற்றில் நம் வானநூலார் தலையில் மணிமுடி சூடிக் கொலு வீற்றிருக்கிறார்! அரச வம்சத்தின் கடைசி வாரிசான கிளியோபாத்ரா இவர் பிறப்பதற்கு நூறாண்டுக்கும் மேலாக முன்பே மறைந்துவிட்டாள்.

அவருடைய பெற்றோர், மனைவி மக்கள், ஆசிரியர் ஆகியோரைப் பற்றி வரலாறு வாய் திறப்பதில்லை. ஆனால் அவர் எந்த இரவில் எந்தக் கோளைப் பார்த்தார் என்பது நாள் கணக்காகத் தெரிகிறது. கி.பி. 127 மார்ச் 26-இல் சனியைப் பார்த்திருக்கிறார். 141 பிப்ரவரி 2-இல் புதனைப் பார்த்திருக்கிறார். ஹாட்ரியன் காலத்தில் தொடங்கி அன்டோனினஸ் பயஸ் காலம் வரை பதினான்கு ஆண்டுகள் அவர் வானத்தின் மேல் கண்ணாக இருந்ததற்கு இக்குறிப்புகள் சாட்சி. பின்னர் 146 அல்லது 147-இல், அலெக்சாந்திரியாவுக்கு அருகிலுள்ள கனோபஸ் என்னும் ஊரில் தம் கணக்கின் முடிவுகளைக் கல்லில் வெட்டி நாட்டினார். கல் தொலைந்துவிட்டது, அதிலிருந்த எண்களை யாரோ ஏட்டில் எழுதி வைத்ததால் அவை பிழைத்தன.

அவர் இயற்றிய முதற்பெரும் நூலை அரபியர் வழியாக வந்த பெயரால் அல்மஜெஸ்ட் என்கிறோம். பதின்மூன்று பகுதிகள். பூமி நடுவில் நிற்க, ஞாயிறும் திங்களும் கோள்களும் சுற்றி வருவதாகக் கொண்ட கணக்கு அது. 1543-இல் கோப்பர்நிக்கஸின் நூல் வரும்வரை ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் அதுவே வானநூலின் வேதமாக இருந்தது. நடு எது என்பதில் அவர் கொண்டது பிழையே. ஆயினும் அந்நூலின் ஓர் ஓரத்தில் அவர் விட்டுச் சென்ற ஒரு குறிப்புத்தான் என் கட்டுரைக்கு வேண்டியது. வானத்துக் கணக்கைச் சரியாகப் போடவேண்டுமானால் பார்ப்பவன் நிற்கும் ஊரின் இடம் எண்ணில் தெரிய வேண்டும். ஆகவே ஊர்களின் அட்டவணையைப் பின்னர்த் தனியே தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த வாக்கைக் காப்பாற்ற எழுதிய நூலே எட்டுப் பகுதிகள் கொண்ட புவியியல்.

இந்நூலுக்கு முன் உலகப் படம் வரைந்தவர்கள் இல்லாமலில்லை. தைர் நகரத்து மாரினஸ் என்பவர் தாலமிக்குச் சற்று முந்தியவர். அவர் தேடிச் சேர்த்த செய்திகளே தாலமிக்கு மூலதனம். ஆனால் படத்தைப் பார்த்துப் படம் வரைவதில் ஒரு கேடு இருப்பதைத் தாலமி கண்டார். ஒருவன் வரைந்ததைப் பார்த்து இன்னொருவன் வரைய, அவனைப் பார்த்து மற்றொருவன் வரைய, ஒவ்வொரு கையிலும் கடற்கரை கொஞ்சம் நகரும். பத்தாவது கைக்கு வரும்போது மூலத்துக்கும் நகலுக்கும் தொடர்பே இராது. இதற்கு அவர் கண்ட மாற்று, படத்தை எண்ணாக்கி அனுப்புவது. ஒவ்வோர் ஊருக்கும் தீர்க்கரேகை இவ்வளவு, அட்சரேகை இவ்வளவு என்று எழுதிவிடு. கோடுகளை எப்படி வளைத்து இழுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடு. படிப்பவன் எந்த நாட்டில் இருந்தாலும் புதிதாக வரைந்துகொள்வான். சுமார் 8,000 இடப்பெயர்கள் அந்நூலில் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 6,300 இடங்களுக்கு எண்கள் கொடுத்திருக்கிறார். கானரித் தீவுகளிலிருந்து கிழக்கு நோக்கித் தீர்க்கரேகையும், நிலநடுக்கோட்டிலிருந்து அட்சரேகையும் எண்ணினார். அவர் கையாண்ட மிகச் சிறிய அளவு பாகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு.

இன்றைய கணினி வரைபடம் என்பது என்ன? திரையில் தெரிவது படமாயினும், உள்ளே இருப்பது ஊர்ப்பெயரும் அதற்கு நேரே இரண்டு எண்களும் கொண்ட அட்டவணைதான். அந்த அட்டவணையைத்தான் தாலமி நாணல் பேனாவால் எழுதி வைத்தார். இதை முதன்முதல் உணர்ந்தபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது.

எண்ணுக்கும் பகை உண்டு. கிரேக்கர் எண்களுக்கு எழுத்துகளையே பயன்படுத்தினர். அவர்களுடைய பழைய பெரிய எழுத்தில் 1, 4, 30 ஆகிய மூன்றையும் குறிக்கும் எழுத்துகள் ஏறத்தாழ ஒரே முக்கோணச் சாயலில் இருக்கும். நம் ஓலைச்சுவடிகளில் ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடு தெரியாமல் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டால் இதன் தொல்லை விளங்கும். நாலாவது பாகையில் இருந்த ஊர் எழுதுவோனின் ஒரு கைப்பிசகில் முதலாவது பாகைக்குக் குடிபெயர்ந்துவிடும். கைக்குக் கிடைத்துள்ள சுவடிகள் ஆயிரமாண்டுக்குப் பின் எழுதப்பட்டவை. அவை இரண்டு குடும்பங்களாகப் பிரிந்து பல இடங்களில் வேறு வேறு எண்களைக் காட்டுகின்றன.

நூலின் பயணத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கி.பி. 833-ஐ ஒட்டி பாக்தாதில் அல்-குவாரிஸ்மி இதைத் தழுவித் திருத்தி எழுதினார். 1295-இல் கான்ஸ்டான்டிநோபிளில் மாக்ஸிமஸ் பிளானூடெஸ் என்ற துறவி மறந்துபோன கிரேக்கச் சுவடியைத் தேடிக் கண்டுபிடித்தார். அதன்பின் லத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1477-இல் பொலோனாவிலும் 1482-இல் உல்மிலும் படங்களுடன் அச்சேறியது. எண்களைக் கொண்டு புதிதாக வரைந்துகொள்ளலாம் என்று அவர் நம்பியது ஆயிரத்து முந்நூறு ஆண்டு கழித்துப் பலித்துவிட்டது.

வரைந்து பார்த்தால்தானே பிழை தெரியும்! மத்தியதரைக் கடலின் மேற்கு வாயிலிலுள்ள ஜிப்ரால்டருக்கும் கீழ்க்கோடி இஸஸ் வளைகுடாவுக்கும் இடையே தாலமி 62 பாகை கொடுத்தார். உண்மையில் இருப்பது 42-க்கும் சற்றுக் குறைவு. கிழக்கே போகப் போக எல்லாம் நீண்டுகொண்டே போயிற்று.

இதற்குக் காரணம் சொல்லப் புகுந்தோர் முதலில் காட்டுவது பூமியின் சுற்றளவு. எரட்டோஸ்தனிஸ் 2,52,000 ஸ்டேடியா என்று கணித்திருந்தார். தாலமி 1,80,000 என்ற சிறிய எண்ணை ஏற்றார். பாகைக்கு 700 ஸ்டேடியா என்பது 500 ஆகச் சுருங்கினால், அதே தொலைவு அதிகப் பாகைகளை விழுங்கும். ஸ்டேடியம் என்ற அளவு இருவர்க்கும் ஒன்றுதானா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அதற்குள் நான் புகவில்லை. இரண்டாவது காரணம்தான் எனக்குச் சுவையாகப் பட்டது. தீர்க்கரேகையை அறிய அக்காலத்தில் இருந்த நேர்வழி, ஒரே சந்திர கிரகணத்தை இரண்டு ஊர்களில் எந்த நாழிகையில் கண்டார்கள் என்று ஒப்பிடுவது. அலெக்சாந்தர் காகமெலாவில் தாரியஸை வென்றதற்குப் பதினொரு நாள் முன்பு, கி.மு. 331 செப்டம்பர் 20-இல், ஒரு கிரகணம் நிகழ்ந்தது. அது அர்பேலாவில் இரவின் ஐந்தாம் மணியிலும் கார்த்தேஜில் இரண்டாம் மணியிலும் தெரிந்ததாகத் தாலமிக்குச் செய்தி கிடைத்தது. மூன்று மணி வேறுபாடு என்றால் 45 பாகை. உண்மையான வேறுபாடு 34 பாகைதான். மணிக்கணக்கில் இரண்டே கால். போர்க்களத்தில் யாரோ முக்கால் மணி தவறாகச் சொல்லிவிட்டார்கள். உலகம் பதினோரு பாகை நீண்டுவிட்டது.

இத்தகைய பிழைகளைச் சுட்டிக்காட்டித் தாலமியை ஏமாற்றுக்காரர் என்றே சாடியவரும் உண்டு. 1977-இல் அமெரிக்க அறிஞர் ராபர்ட் நியூட்டன் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி ஒரு நூலே எழுதினார். முக்கியக் குற்றச்சாட்டுகளுள் ஒன்று விண்மீன் பட்டியலைப் பற்றியது. அல்மஜெஸ்டில் 48 மீன்கூட்டங்களில் 1,022 விண்மீன்களுக்கு இடம் குறித்திருக்கிறார் தாலமி. அந்த இடங்கள் ஏறத்தாழ ஒரு பாகை பின்தங்கியிருக்கின்றன. அவருக்கு 265 ஆண்டு முன் வாழ்ந்த ஹிப்பார்க்கஸின் பட்டியலை எடுத்து, நூறாண்டுக்கு ஒரு பாகை நகர்வு என்ற தம் கணக்குப்படி 2 பாகை 40 கலையைக் கூட்டிவிட்டால் சரியாக இந்தப் பிழை வரும். ஏனெனில் உண்மையான நகர்வு 72 ஆண்டுக்கு ஒரு பாகை. எனவே அவர் வானத்தைப் பார்க்கவே இல்லை, பார்த்தெழுதினார் என்பது வாதம். நம்மில் யாரேனும் தேர்வில் அடுத்தவர் தாளைப் பார்த்து எழுதினால், அவர் செய்த தவறையும் சேர்த்து எழுதிவிட்டுப் பிடிபடுவதில்லையா, அது போல.

வழக்கு அத்துடன் முடியவில்லை. ஹிப்பார்க்கஸின் பட்டியல் தொலைந்துபோனது என்றே எண்ணியிருந்தார்கள். சினாய் மலையிலுள்ள புனித கேத்தரின் மடத்திலிருந்து வந்த ஒரு தோல் ஏட்டில், பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே வேறு நூல் எழுதியிருந்தது. வேறு வேறு நிற ஒளியில் படமெடுத்துக் கணினியில் பிரித்துப் பார்த்தபோது சுரண்டிய எழுத்து மேலெழுந்தது. அது ஹிப்பார்க்கஸின் பட்டியலைச் சேர்ந்த சில எண்கள் என்று 2022-இல் வெளியிட்டனர். அவை தாலமியின் எண்களைவிடத் துல்லியமானவை. தாலமி அவற்றை அப்படியே எடுத்துக் கூட்டிவிடவில்லை என்பதற்கும் அவை சான்றாயின. ஹிப்பார்க்கஸிடம் கடன் வாங்கினார். வாங்கியது மட்டுமே அவர் கைமுதல் அன்று. தாலமியின் பெயரை ஓரளவேனும் மீட்டுத் தந்த அந்த ஏட்டுக்கு நான் நன்றி சொல்வேன்.

புவியியலைப் பொறுத்தவரை அவர் எதையும் மறைத்தவரல்லர். நூலின் முதற்பகுதியிலேயே, வானத்தைப் பார்த்து அளந்த ஊர்கள் மிகச் சில, மற்றவை பயணிகளின் வாய்மொழிக் கணக்கு என்று வெளிப்படையாக ஒப்புகிறார். மாரினஸ் உலகத்தின் அகலத்தை 225 பாகை என்றார். அதைத் தாலமி 180 ஆகக் குறைத்தார். மாரினஸின் கணக்கைத் திருத்தும் அந்தப் பகுதியில் நம் கடற்கரையும் வருகிறது. தனுஷ்கோடி என்றும் கோடிக்கரை என்றும் அறிஞர் கருதும் கோரி முனையிலிருந்து கிழக்கே செல்லும் கப்பல் வழியை எடுத்துக்கொண்டு, கரை வளைந்து வளைந்து போவதற்காக மாலுமிகள் சொன்ன தொலைவில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தார். 1492-இல் மேற்கே கப்பல் விட்ட கொலம்பஸ், தாலமி குறைத்ததை ஏற்காமல் மாரினஸின் நீண்ட கணக்கையே பிடித்துக்கொண்டார் என்பது வேடிக்கை. ஆசியா எவ்வளவு நீளுமோ அவ்வளவு கடல் சுருங்குமல்லவா!

இனி என் சொந்தச் சோதனை ஒன்று. குமரிமுனைக்கு அவர் தரும் எண்கள் தீர்க்கரேகை 121 பாகை 45 கலை, அட்சரேகை 13 பாகை 30 கலை. கானரித் தீவுகள் கிரீன்விச்சுக்கு மேற்கே சுமார் 18 பாகையில் இருப்பதால் அதைக் கழித்து, மீதியைக் கணினியில் விலையின்றிக் கிடைக்கும் ஒரு வரைபட மென்பொருளில் இட்டேன். நம் குமரி கம்போடியா நாட்டில், அங்கோர்வாட் கோயிலுக்கு அருகில் போய் நின்றது! சரி, மத்தியதரைக் கடலில் கண்ட விகிதத்தில், அதாவது 62-க்கு 42 என்று சுருக்கிப் பார்ப்போமே என்று சுருக்கினேன். இப்போது குமரி அரபிக் கடலின் நடுவில் மூழ்கியது. ஐரோப்பாவில் எடுத்த அளவுகோல் இந்தியாவுக்குப் பொருந்தவில்லை.

பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நில அளவை அறிஞர்களும் அறிவியல் வரலாற்று அறிஞர்களும் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டனர். ஜெர்மானியா பகுதியைப் பற்றிய அவர்கள் முடிவு 2010-இல் நூலாக வந்தது. அவர்கள் உலகம் முழுவதற்கும் ஒரே திருத்தம் போடவில்லை. அருகருகே உள்ள ஊர்களை ஒரு குழுவாக்கினர். ஒரே வணிகன் அல்லது ஒரே படையின் வழிக்குறிப்பிலிருந்து வந்த ஊர்கள் ஒரே விதமாகத்தான் நகர்ந்திருக்கும், ஒரே விதமாகத்தான் நீண்டிருக்கும் என்பது அவர்கள் துணிபு. ரப்பர் விரிப்பில் வரைந்த படத்தை மேசைமேல் போட்டு, உறுதியாகத் தெரிந்த ஊர்களை ஆணியடித்து அவற்றின் உண்மையான இடத்தில் நிறுத்தினால், இடையிலுள்ள தெரியாத ஊர்கள் தாமாக ஏறத்தாழத் தத்தம் இடத்துக்கு வரும். அதைக் கணிதமாகச் செய்வது கணினி. கிடைத்த முடிவுகளை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. மண்ணைத் தோண்டிப் பார்க்காமல் எண்ணை மட்டும் நம்பலாமா என்று கேட்போர் உண்டு. கேட்பதும் நியாயமே. ஆனால் எங்கே தோண்டலாம் என்று விரலால் காட்டவாவது இது உதவும். ஆணியடிக்க வேண்டிய ஊர்களுக்கும் குறைவில்லை. ரிச்சர்ட் டால்பர்ட் பதிப்பாசிரியராயிருந்து 2000-இல் வெளியிட்ட பாரிங்டன் அட்லஸ் பண்டைய இடங்களைத் தொகுத்துத் தந்தது. அதன் செய்திகளை அடிப்படையாகக் கொண்ட பிளையடீஸ் என்னும் இணையப் பெயர்த்தொகுதியை, செல்பேசி வைத்திருக்கும் எந்த மாணவரும் காசின்றிப் புரட்டலாம்.

இந்தியாவைப் பொறுத்தவரை விரிப்பு பொல்லாத விதமாகக் கசங்கியிருக்கிறது. பரூச்சிலிருந்து குமரி வரை தெற்கே 13 பாகைக்கு மேல் இறங்க வேண்டும். தாலமி நான்கு பாகைக்குள் முடித்துவிட்டார். மேற்குக் கரையைக் கிழக்கு நோக்கித் திருப்பிப் படுக்க வைத்துவிட்டார். தீபகற்பம் அழிந்து, தப்ரொபேன் என்ற பெயரில் இலங்கை பத்து மடங்குக்கு மேல் பெருத்து, நிலநடுக்கோட்டையும் தாண்டிக் கிடக்கிறது. காரணம் ஊகிக்கக் கூடியதே. கப்பல்காரர்கள் அவருக்கு நாள் கணக்கைச் சொன்னார்கள். எந்தத் திசையில் எவ்வளவு திரும்பினோம் என்று சரியாகச் சொல்லவில்லை.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். திசை போயிற்று, தொலைவு போயிற்று, வரிசை போகவில்லை. முசிறி, அடுத்துக் குமரி, அதைக் கடந்ததும் கொல்கோய் என்னும் கொற்கை, கோரி முனை, பிறகு காபெரோஸ் ஆற்றின் முகத்துவாரம், அதையடுத்துக் காபெரிஸ் என்னும் காவிரிப்பூம்பட்டினம், பின் பொதுகே. கரையோரம் கப்பலில் போகிறவன் காணும் முறையிலேயே அவை ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. பொதுகேயை அரிக்கமேட்டுடன் அறிஞர் பலர் இணைக்கிறார்கள். அங்கே 1945-இல் வீலர் அகழ்ந்து ரோமானிய மட்கலங்களைக் கண்டார். முசிறியாகக் கருதப்படும் பட்டணத்தில் 2007 முதல் அகழாய்வு நடந்தது. கொற்கை அறிந்த ஊர். பூம்புகாரும் அறிந்த ஊர். ஆணியடிக்க நான்கு ஊர்கள் கைவசம் இருக்கின்றன.

காபெரிசுக்கும் பொதுகேக்கும் நடுவில் சொபூரா என்று மற்றொரு வாணிகப் பட்டினத்தையும் தாலமி எழுதி வைத்திருக்கிறார். அது இன்றைய எந்த ஊர் என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. பூம்புகாருக்கும் அரிக்கமேட்டுக்கும் இடைப்பட்ட அந்தக் கரையைத்தான் இப்போது நான் கணினியில் விரித்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.